ஆர்கான் வெல்டிங் பிறந்த கதை

வீட்டோடு சின்னதாக ஒரு பட்டறை போட்டு, கலப்பைக் கொழுவையும் இரும்புக் கேட்டையும் நாமே பத்தவைத்துக் கொள்ளலாமே என்று நினைப்பவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடைக்குப் போனால், "ராடு வெல்டிங் எல்லாம் பழசுங்க, ஆர்கான் மிஷினா எடுத்துக்குங்க" என்கிறார்கள். அந்தப் பணத்துக்குக் கறவை மாட்டை விற்க வேண்டியிருக்கும். மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால், அந்த மிஷின் எந்தக் காரியத்துக்காகப் பிறந்தது என்று கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த கதை தெரிந்தால், அது நமக்கு வேணுமா வேண்டாமா என்பது தானே விளங்கும்.

முதலில் ராடு வெல்டிங் எப்படி வந்தது என்று பார்ப்போம். ருஷ்யாவைச் சேர்ந்த பெனார்டோஸ் என்பவர் 1880-களில் கார்பன் குச்சிக்கும் இரும்புக்கும் நடுவே மின்சாரத் தீயை எழுப்பி, இரும்பை உருக்கி ஒட்டிக் காட்டினார். 1888-ல் அதே நாட்டு ஸ்லாவியானோவ், கார்பனுக்குப் பதிலாக உலோகக் கம்பியையே பிடித்தார். கம்பியே உருகி மூட்டில் இறங்கியது. ஆனால் மூட்டு பலமாக இல்லை. காரணம் காற்றுதான். நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுக்கிறது அல்லவா? அதுபோல உருகிய இரும்பும் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு ஆஸ்கார் கெல்பெர்க் கம்பியின் மேல் மருந்து பூசினார். அந்த மருந்து எரிந்து புகையாகவும் கசடாகவும் மூட்டை மூடிக் காத்தது. இன்றைக்கு நம்ம பட்டறையில் தட்டி எடுக்கிற கசடு அதுதான்.

இரும்புக்கு இது போதும். அலுமினியம், மெக்னீசியம் போன்ற லேசான உலோகங்களுக்கு இது சரிப்படவில்லை. மெக்னீசியம் சூடேறினால் தீப்பிடித்தே எரியும்.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஹாதோர்ன் ஊரில் நார்த்ராப் விமானக் கம்பெனி, மெக்னீசியத்தாலேயே ஒரு போர் விமானம் செய்ய முனைந்தது. தகடுகளை எப்படி ஒட்டுவது? அங்கே வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித் ஒரு வழி கண்டார். மின்சார பல்பின் இழை டங்ஸ்டன் என்ற உலோகம். அது 3,400 டிகிரிக்கு மேலேதான் உருகும். அந்த டங்ஸ்டன் குச்சியில் தீயை எழுப்பி, சுற்றிலும் ஹீலியம் வாயுவை ஊதவிட்டார். ஹீலியம் எதோடும் சேராத வாயு. காற்றை ஒதுக்கி நிறுத்தும். குச்சி கரையாது, ஒட்டுக் கம்பியை மறு கையால் கொடுக்க வேண்டும். இதற்கு 1942 பிப்ரவரியில் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அத்தோடு தொல்லை தீரவில்லை. குச்சியைப் பாசிட்டிவில் மாட்டினால், குச்சி அளவுக்கு மீறிச் சூடாகி அதன் துணுக்கு மூட்டில் விழுந்தது. நெகட்டிவில் மாட்டினால் குச்சி பிழைத்தது. ஆனால் உலோகத்தின் மேலுள்ள தோல் போகவில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்த ஆக்சைடு தோல் 2,000 டிகிரி தாண்டினாலும் அப்படியே நிற்கும். பிறகு, திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தைக் கொடுத்தார்கள். ஒரு பாதியில் தோல் உரியும், மறு பாதியில் சூடு இறங்கும். திசை மாறும்போது தீ அணைந்துவிடாமல் இருக்க, அதிவேகத் துடிப்புள்ள பொறி மின்சாரத்தையும் கூடவே சேர்த்தார்கள். விலை கூடிய ஹீலியத்துக்குப் பதிலாக, காற்றிலேயே நூற்றுக்கு ஒரு பங்கு இருக்கும் ஆர்கானும் வந்தது. நம்ம பக்கத்தில் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அந்த விமானம் 1943 செப்டம்பரில் பறந்தது. இரண்டே இரண்டு செய்தார்கள். படைக்குப் போகவே இல்லை. விமானம் மறைந்தது, வெல்டிங் நிலைத்தது.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். இந்த மிஷின் பிறந்தது மெல்லிய, சுத்தமான, லேசான உலோகத்துக்காக. துருவும் மண்ணும் எண்ணெயும் ஏறிய கொழுவுக்காக அல்ல. வயலில் காற்றடித்தால் ஆர்கான் பறந்துவிடும்; மூட்டு புரை விழும். ஆகவே உங்கள் வேலை இரும்பு வேலை என்றால், நல்ல ராடு மிஷினே போதும்.

எவர்சில்வர் பாத்திரம், மெல்லிய குழாய் என்றால் டிசி ஆர்கான் மிஷின் போதும். அலுமினியப் பால் கேன், இன்ஜின் கேசிங் என்றால் ஏசியும் டிசியும் இரண்டும் உள்ளதுதான் வேண்டும். விலை குறைந்த மிஷின் பல டிசி மட்டும்தான். அதில் அலுமினியம் ஓடாது. கடைக்காரரிடம் ஒரு அலுமினியத் துண்டைக் கொடுத்து, உங்கள் கண்முன்னே ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் சில கணக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 40 ஆம்பியர். 5 மில்லிமீட்டருக்கு 200 வேண்டும். மிஷினில் 60 சதவீதம் என்று எழுதியிருந்தால், அந்த ஆம்பியரில் பத்து நிமிஷத்துக்கு ஆறு நிமிஷம் ஓட்டி நாலு நிமிஷம் ஆற விட வேண்டும் என்று பொருள். ஆர்கானை நிமிஷத்துக்கு 8 லிட்டர் விட்டால், 7 கன மீட்டர் சிலிண்டர் சுமார் பதினாலரை மணி நேரத்தில் காலி. சிலிண்டர் நிரப்ப எத்தனை மைல் போகணும், வீட்டு மின் இணைப்பு தாங்குமா என்பதையும் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

உயிர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்கான் காற்றைவிடக் கனம். கதவடைத்த அறையில் தங்கி மூச்சை அடைக்கும். டீசல் டேங்க், மருந்து தெளித்த டேங்க் இவற்றைக் காலிதானே என்று பத்தவைக்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தீயைப் பார்க்கக் கூடாது. சிவப்பு முனை டங்ஸ்டன் குச்சியில் தோரியம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற அதே தோரியம்தான், கதிர்வீச்சு உள்ளது. அதைச் சாணை பிடிக்கும் தூசு உள்ளே போகக் கூடாது. தோரியம் இல்லாத லாந்தனம் குச்சி கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

சுற்று வட்டாரத்தில் அலுமினிய வேலை நிறைய இருந்து, செய்ய ஆள் இல்லை என்றால், ஆர்கான் மிஷின் உங்களுக்குச் சோறு போடும். முதலில் ஒரு பட்டறையில் சில மாதம் கை பழகிவிட்டு வாங்குங்கள். கொழுவும் கேட்டும் மட்டும்தான் வேலை என்றால், மாடு கட்டுத்தறியிலேயே இருக்கட்டும். அது தினமும் கறக்கும்.