தங்கவயலின் கைரேகை: கம்பெனி நிலத்தில் ஒரு பொதுவெளி

பங்காருபேட்டை சந்திப்பிலிருந்து மாரிகுப்பம் வரை போகும் கிளை ரயில்பாதை சுமார் பதினாறு கிலோமீட்டர். பங்காருபேட்டைக்கு பௌரிங்பேட்டை என்று பெயர் இருந்த காலத்தில், 1894இல், கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்காக அது போடப்பட்டது. பாதை முடியும் இடத்தில் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகம் தொடங்கியது. சுரங்கத்தோடு தெரு, மருத்துவமனை, தொழிலாளி தூங்கிய தட்டி வீடு, வீட்டுக்கு வெளியே இருந்த குழாய் எல்லாமே கம்பெனியுடையவை.

பொதுவெளியைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். முதலில் எல்லோருக்குமான இடம் இருந்தது. தனியார்மயம் வந்து அதைச் சுருக்கியது. கண்காணிப்பு வந்து மிச்சத்தையும் தின்றது. வணிக வளாகங்களுக்கும் இணையத் தளங்களுக்கும் இந்தக் கதை ஓரளவு பொருந்தலாம். தங்கவயலில் வரிசை வேறு. அங்கே முதலில் இருந்தது தனியார் நிலமும் காவலும்தான். பொதுவெளி அவற்றுக்குள்ளே பிறகு முளைத்தது. அரசுடைமை ஆன பின்னர், சுரங்கமும் மூடப்பட்ட பின்னர்தான் அது வாடியது. பொதுவெளியைத் தீர்மானிப்பது நிலத்தின் உடைமை மட்டுமல்ல, கண்காணிக்கப்படுகிறவர்கள் சேர்ந்து இருக்கிறார்களா, தனித்தனியாக நிற்கிறார்களா என்பதும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தங்கம் உள்ளங்கையில் அடங்கும் சரக்கு. ஆகவே சுரங்கத்தின் ஒழுங்கு முழுவதும் திருட்டு பற்றிய அச்சத்தின் மேல் கட்டப்பட்டது. மைசூர் சமஸ்தானம் சுரங்கத்துக்கெனத் தனிச் சட்டங்கள் இயற்றியது. கம்பெனியின் காவலாளிகளுக்கு மேல் போலீஸும் நின்றது. அந்த ஏற்பாட்டின் எச்சம் இன்றும் இருக்கிறது. கோலார் மாவட்டத்துக்குள்ளேயே தங்கவயல், அதாவது கே.ஜி.எஃப்., தனிக் காவல் மாவட்டம். அதற்குத் தனி எஸ்.பி. உண்டு, பங்காருபேட்டை காவல் நிலையமும் அதில்தான் வருகிறது. தங்கம் நின்று இருபது ஆண்டுக்கு மேலாகியும் காவல் நிற்கவில்லை.

1930இல் நிர்வாகம் தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்ய முற்பட்டது. வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பாலும் ஆதிதிராவிடரான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர் வரலாற்றை எழுதிய ஜானகி நாயர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதன் பொருளை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ரேகை எடுப்பது அன்று சிறைக்கைதிக்கும் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும் செய்யப்பட்டது. ஆகவே அது மானப் பிரச்சினை. அதோடு நடைமுறைப் பிரச்சினையும்கூட. ஒரு சுரங்கத்தில் மேஸ்திரியோடு தகராறு செய்து வெளியேறியவன் அடுத்த சுரங்கத்தில் வேறு பெயர் சொல்லிச் சேரலாம். பெயர் மாறும், ரேகை மாறாது. ஏழைத் தொழிலாளியிடம் இருந்த ஒரே பேரம் வேலையை விட்டுவிட்டுப் போகும் வசதி. கைரேகை அதன் மேல் கைவைத்தது.

அவர்களால் ஒன்றுசேர முடிந்தது எப்படி? தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளை யாரும் புனிதப்படுத்த வேண்டாம். அவை நெரிசலும் நோயும் நிறைந்தவை; வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவை. ஆனால் ஒரே சுவரைப் பகிர்ந்தவர்கள் ஒரே ஷிப்டில் இறங்கினார்கள், ஒரே குழாயில் நின்றார்கள். அந்த நெருக்கத்தின் மேல் நிறுவனங்கள் எழுந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து வெளியிடப்பட்டது. அயோத்திதாசரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே அச்சிட்டது. கம்பெனிக்குச் சொந்தமான தெருவில் நின்று படிக்கப்பட்ட பத்திரிகை கம்பெனியுடையது அல்ல.

1946 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘மார்ஷ் எதிர் அலபாமா’ வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஊர் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமானாலும் அதன் தெருவில் துண்டறிக்கை கொடுப்பவரைத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தங்கவயலில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். இங்கே கம்பெனித் தெருவின் மீதான உரிமைக்கு நீதிமன்றத் தீர்ப்பு கிடைக்கவில்லை, நினைவு நாள்தான் கிடைத்தது. சுதந்திரத்துக்குப் பின் கம்யூனிஸ்ட், குடியரசுக் கட்சி, அண்ணா தி.மு.க. என்று கர்நாடகத்தின் நடுவே தனி வழியில் வாக்களித்த தொகுதியாகத் தங்கவயல் இருந்ததற்கு அடித்தளம் இந்தக் கூட்டு வாழ்வுதான்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. பின்னர் மத்திய அரசிடம் போய் 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. நிலம் அரசுடையது ஆனதே தவிர ஊராருடையது ஆகவில்லை. வேலி கம்பெனிக்குப் பதில் அரசின் பெயரில் நின்றது. மூடிய சுரங்கத்துக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல், தங்கம் பிரித்த கழிவான சயனைடு மண்மேடுகளைத் தோண்டி மிச்சத் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. சுமார் ஆயிரம் ஏக்கர். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறவர்கள் இந்தப் பேச்சுகளில் உரிமையாளராக வருவதில்லை.

கைரேகை மட்டும் திரும்பி வந்துவிட்டது. ரேஷன் கடைக் கருவியில் முதியவர் கட்டைவிரலை வைக்கிறார். விழவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். கல்லிலும் இரும்பிலும் உழைத்துத் தேய்ந்த விரலில் வரி மங்கியிருக்கிறது. “ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அவரிடம் யாரும் கம்பெனியைப் போலக் கட்டளையிடவில்லை. ஆகவே எதிர்த்து நிற்க எதிரே ஆளும் இல்லை. விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் ஏறி பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போகும் இளைஞர்களில் பலர் அங்கே வளாகக் காவலாளிகள். தாத்தாவைச் சோதித்த வாசல் போல ஒன்றில் நின்று பேரன் மற்றவர் பையைச் சோதிக்கிறான். தன் வருகையைக் கருவியிலும் பதிக்கிறான். அவர்கள் பெங்களூரில் ஊர்வலம் போக நினைத்தால், 2021ஆம் ஆண்டு ஆணைப்படி பழைய மத்தியச் சிறை வளாகமான சுதந்திரப் பூங்காவுக்குள்தான் போக வேண்டும்.

செல்பேசிக் குழுக்கள் புதிய லைன் ஆகாதா என்று கேட்கலாம். ஒரு எல்லை வரை ஆகும்; செய்தி விரைவாகப் பரவுகிறது. ஆனால் அந்தத் தெருவும் கம்பெனித் தெருதான். மார்ஷ் தீர்ப்பை யூடியூபுக்கு நீட்டிக்க 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக்கியது, பெரிய வெற்றிதான். ஆனால் அந்த உரிமை தனிமனிதனின் கையில் தரப்பட்டது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிமனித ஒப்புதலையே நம்புகிறது. தொழிலாளியிடம் அதையும் கேட்பதில்லை. அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு நோக்கத்துக்கும் முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்கும் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. 1930இல் ஜான் டெய்லர் நிர்வாகம் வேலைநிறுத்தத்தைச் சந்தித்தே கேட்க வேண்டியிருந்ததை இன்றைய முதலாளிக்குச் சட்டமே தருகிறது.

இரண்டு காரியங்கள் உடனே நடக்க வேண்டும். தொழிலாளர் கைரேகை, முகப்பதிவு எதையும் சங்கத்தோடு எழுத்தில் உடன்படாமல் எடுக்கக்கூடாது என்று 7ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பாக, தங்கவயலின் மைதானங்களும் கூட்டம் கூடும் இடங்களும் நகரசபையின் பெயருக்கு எழுதி வைக்கப்பட வேண்டும்.