மிட்டாய்

மிட்டாய் என்பது சீனி, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றுள் ஒன்றைப் பாகாகக் காய்ச்சிச் செய்யப்படும் இனிப்புத் தின்பண்டம் ஆகும். பாகை மட்டும் இறுகச் செய்தும், கடலை, பொரி, தேங்காய் போன்றவற்றைப் பாகில் சேர்த்தும், பொரித்த மாவுப் பண்டத்தைப் பாகில் ஊறவைத்தும் மிட்டாய் செய்யப்படுகிறது. வடிவிலும் சுவையிலும் மிட்டாய்கள் பலவாயினும், அவை வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் பாகு காய்ச்சப்படும் பதமே ஆகும். இக்கட்டுரை மதுரையிலும் அதன் தெற்கே உள்ள விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலப்பகுதியிலும் வழங்கும் மிட்டாய் வகைகளைச் சிறப்பாகக் குறிப்பிடுகிறது.

சொற்பிறப்பு

மிட்டாய் என்னும் சொல் இந்துத்தானி மொழியின் "மிட்டாயீ" என்பதிலிருந்து தமிழுக்கு வந்தது. வட இந்தியாவில் அச்சொல் பால் இனிப்புகள் உள்ளிட்ட எல்லா இனிப்புப் பண்டங்களையும் குறிக்கும். தமிழில் அது பெரும்பாலும் சிறு துண்டுகளாக விற்கப்படும் மலிவான இனிப்பைக் குறிப்பதாகச் சுருங்கியது. எனினும் பழைய விரிந்த பொருள் முற்றிலும் மறையவில்லை. "மிட்டாய்க்கடை" என்பது அல்வா, லட்டு, காராச்சேவு ஆகியவை விற்கும் கடையையே குறிக்கிறது. மதுரை விளக்குத்தூண் பகுதியில் அல்வாவுக்குப் பெயர் பெற்ற கடையொன்று "நெய் மிட்டாய்க்கடை" என்றே பெயர் தாங்கியுள்ளது.

மிட்டாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான "கேண்டி" கற்கண்டுக்கு உறவானது. துண்டு, கட்டிச் சர்க்கரை எனப் பொருள்படும் "கண்ட" என்னும் வடசொல் பாரசீகத்தில் "கந்த்" எனவும், அரபியில் "கந்தீ" எனவும் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அவ்வடசொல்லே திராவிட மூலம் உடையதாக இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். பஞ்சு வணிகத்தில் வழங்கும் "கண்டி" என்பது ஏறத்தாழ 356 கிலோகிராம் கொண்ட எடையளவு ஆகும். அது மிட்டாயைக் குறிப்பதன்று.

தென் மாவட்டங்களில் வெள்ளைச் சர்க்கரை "சீனி" எனப்படுகிறது. "சர்க்கரை" என்றால் அங்குப் பெரும்பாலும் பழுப்பு நிற நாட்டுச் சர்க்கரையே பொருள். மிட்டாய்களின் பெயர்களைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு உதவும்.

பாகும் பதமும்

சீனிப்பாகு கொதிக்கும்போது நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அதன் கொதிநிலை உயர்ந்துகொண்டே செல்லும். எனவே பாகின் வெப்பநிலையைக் கொண்டு அதில் எஞ்சியுள்ள நீரின் அளவை அறியலாம். சீனிப்பாகின் முதன்மையான பதங்கள் வருமாறு:

* கம்பிப் பதம் (ஏறத்தாழ 106-112 பாகை செல்சியசு): இரு விரல்களுக்கிடையே எடுத்து விரித்தால் கம்பி போல் இழுபடும்.
* உருட்டுப் பதம் (112-116 பாகை): நீரில் விட்டால் கரையாமல் மென்மையாகத் திரளும். அதிரசத்திற்கு ஏற்றது.
* கெட்டி உருட்டுப் பதம் (121-130 பாகை): திரண்ட உருண்டை அழுத்தினாலும் வடிவம் மாறாது. பொரி உருண்டை போன்றவற்றிற்கு ஏற்றது.
* நொறுங்கு பதம் (146-154 பாகை): நீரில் விட்ட பாகு வளையாமல் ஒடியும். ஆரஞ்சு மிட்டாய், குச்சி மிட்டாய் ஆகியவற்றிற்கு ஏற்றது.

வெல்லத்திலும் கருப்பட்டியிலும் தாது உப்புகளும் பிற சர்க்கரைகளும் கலந்திருப்பதால் இவ்வெப்பநிலைகள் அவற்றிற்கு அப்படியே பொருந்தா. கைத்தொழிலாகச் செய்வோர் வெப்பமானியைப் பயன்படுத்துவதில்லை. சிறிது பாகை நீரில் விட்டு உருட்டித் தட்டில் போடுவர். "டங்" என்று ஓசை எழுந்தால் கடலை மிட்டாய்க்கான பதம் வந்துவிட்டது எனக் கொள்வர்.

பாகு குளிரும் முறையும் முக்கியமானது. மெதுவாகவும் அசைவின்றியும் குளிர்ந்தால் சுக்குரோசு மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் பெரிய படிகங்கள் உருவாகும். கற்கண்டு அவ்வாறு உருவாவது. நொறுங்கு பதத்தில் விரைவாகக் குளிர்ந்தால் படிகமாக நேரமின்றிக் கண்ணாடி போன்ற திண்மமாக உறையும். ஆரஞ்சு மிட்டாய் இவ்வகையினது. இடையில் படிகமாவதைத் தடுக்க எலுமிச்சைச் சாறோ குளுக்கோசுப் பாகோ சேர்க்கப்படுகிறது. இவ்வகை மிட்டாய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் மிட்டாய்ச் சாடிகளை இறுக மூடி வைப்பதன் காரணம் இதுவே.

வகைகள்

* பனங்கற்கண்டு: பதநீரைக் காய்ச்சி, நூல்கள் கட்டிய கலங்களில் ஊற்றிப் பல வாரங்கள் அசையாமல் வைத்துப் படிகமாக்கப்படுவது.
* கருப்பட்டி மிட்டாய்: அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து பொரித்து, கருப்பட்டிப் பாகில் ஊறவைத்து எடுப்பது. ஏணி போன்ற வடிவில் பிழிவதால் ஏணிப்படி மிட்டாய் எனவும், சில ஊர்களில் சீரணி மிட்டாய் எனவும் வழங்கும். சீனிப்பாகில் ஊறவைத்தால் அது சீனி மிட்டாய். கரிசல் பகுதிச் சேவுக் கடைகளில் காராச்சேவும் இதுவும் அருகருகே விற்கப்படுகின்றன.
* தேன் மிட்டாய்: பெயரில் தேன் இருப்பினும் இதில் தேன் இல்லை. நிறமூட்டிய அரிசி, உளுந்து மாவைச் சிறு உருண்டைகளாகப் பொரித்துச் சீனிப்பாகில் ஊறவைப்பர். கடிக்கும்போது உள்ளிருந்து வழியும் பாகே பெயருக்குக் காரணம்.
* கமர்கட்டு: தேங்காய்த் துருவலை வெல்லப்பாகில் கிளறி உருட்டிய கெட்டியான உருண்டை.
* சவ்வு மிட்டாய்: குளிரத் தொடங்கிய பாகை மீண்டும் மீண்டும் இழுத்து மடிப்பதால் காற்று நுண்குமிழிகளாக உட்புகுந்து, பாகு ஒளிபுகாத் தன்மையும் இழுவையும் பெறுகிறது. விற்பவர் இதை நீண்ட மூங்கில் கழியின் உச்சியில் சுற்றி எடுத்து வருவார். கழியின் மேல் கைதட்டும் பொம்மை ஒன்று இருக்கும். குழந்தைகளுக்குக் கைக்கடிகாரம், மயில் போன்ற உருவங்களைச் செய்து கொடுப்பதுண்டு.
* பல்லி மிட்டாய், சீரக மிட்டாய்: சிறு விதையையோ சீனித் துகளையோ உருளும் கலத்தில் இட்டு, சீனிப்பாகைச் சிறிது சிறிதாக ஊற்றி அடுக்கடுக்காகப் பூசப்படுபவை.
* இஞ்சி மரப்பா: இஞ்சிச் சாறு சேர்த்த காரமான வில்லை. செரிமானத்திற்கு நல்லது என்று கூறிப் பேருந்து நிலையங்களில் விற்கப்படுகிறது.
* பஞ்சு மிட்டாய்: உருகிய சீனியைச் சுழலும் கலத்தின் நுண்துளைகள் வழியே வீசி இழைகளாக்குவது. இதற்கான இயந்திரத்தை 1897 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசுவில் நகரைச் சேர்ந்த வில்லியம் மோரிசன், சான் வார்ட்டன் ஆகியோர் உருவாக்கினர். இவர்களுள் மோரிசன் ஒரு பல் மருத்துவர்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்

மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புகழ்பெற்றது. தொடக்கத்தில் கருப்பட்டியைக் கொண்டு செய்யப்பட்ட இதனை, 1940களில் இவ்வூரில் மளிகைக் கடை நடத்திய பொன்னம்பல நாடார் கரும்பு வெல்லத்தில் செய்யத் தொடங்கினார் எனக் கூறப்படுகிறது. நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்து, பாகில் கலந்து பலகையில் பரப்பி, சூடு ஆறுமுன் வில்லைகளாக வெட்டுவர். மேலே நிறமூட்டிய தேங்காய்த் துருவல் தூவுவது இவ்வூர் மிட்டாயின் அடையாளம்.

2020 ஏப்ரல் 30 அன்று இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதன்படி, வரையறுக்கப்பட்ட பகுதிக்கு வெளியே செய்யப்படும் கடலை மிட்டாயைக் "கோவில்பட்டி கடலை மிட்டாய்" என்னும் பெயரில் விற்க இயலாது. பெரிய நிறுவனங்களின் பொதியிட்ட மிட்டாய்களோடு போட்டியிடும் சிறு உற்பத்தியாளர்களுக்கு இது ஒரு சட்டப் பாதுகாப்பு ஆகும்.

நிறமிகளும் பாதுகாப்பும்

மிட்டாயை முதன்மையாக வாங்குவோர் குழந்தைகள்; அவர்களை ஈர்ப்பது நிறம். ஆகையால் மிட்டாயில் கலப்படம் பழமையான சிக்கலாகவே இருந்து வருகிறது. 1858 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் மிட்டாயில் தவறுதலாக ஆர்செனிக்கு கலந்ததால் சுமார் 20 பேர் இறந்தனர். சீனியின் செலவைக் குறைப்பதற்காக மலிவான தூளைச் சேர்க்கும் வழக்கமே அத்தவறுக்கு வழிவகுத்தது.

இந்தியாவில் 8 செயற்கை நிறமிகள் மட்டுமே உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கும் அளவு வரம்பு உண்டு. துணி, தோல், காகிதம் ஆகியவற்றிற்குச் சாயமேற்றப் பயன்படும் ரோடமைன்-பி அவற்றுள் ஒன்றன்று. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்கப்பட்ட பஞ்சு மிட்டாயில் இச்சாயம் கண்டறியப்பட்டு அங்கு விற்பனை தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மாதிரிகளிலும் அது இருந்ததால், பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசும் தடையை அறிவித்தது. இங்குத் தீங்கு விளைவித்தது பஞ்சு மிட்டாய் என்னும் பண்டமன்று, அதில் சேர்க்கப்பட்ட சாயமே என்பது குறிப்பிடத்தக்கது. நிறமேற்றாத பஞ்சு மிட்டாய் வெறும் சீனி இழையே.

அனுமதிக்கப்பட்ட பொருள்களால் செய்யப்பட்ட மிட்டாயும் அளவோடு உண்ணத்தக்கது. ஒரு கிராம் சீனி ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றல் தரும். பற்களில் ஒட்டிக்கொள்ளும் சவ்வு மிட்டாய் போன்றவை பற்சிதைவுக்கு வழிவகுக்கும். கமர்கட்டு, கடலை மிட்டாய் போன்ற கெட்டியான வகைகள் தொண்டையில் அடைக்கக்கூடும் என்பதால் சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும்.