90 நிமிடக் கணக்கு



இரப்பர்த் தோட்டத்தில் அதிகாலைப் பெரட்டு நடந்த விதம் உங்களுக்குத் தெரியும். யார் எந்த நிரைக்குப் போக வேண்டும் என்பதை மண்டோர் அங்கேதான் சொல்வார். பெரட்டு கலைந்தபின் துரை ஓர் உத்தரவை மாற்றினால், ஆள் அனுப்பாதவரை அது மறுநாள் பெரட்டில்தான் தெரியவரும். அலுவலகக் கணினிகளின் வரலாற்றிலும் அப்படி ஒரு காலம் இருந்தது.

பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைந்திருக்கும். சும்மா இருக்கும் கணினியின் திரை எப்போது பூட்டிக்கொள்ள வேண்டும், யார் எந்த அமைப்பை மாற்றலாம் என்பன போன்ற விதிகளை ஒரே இடத்தில், தலைமைக் கணினியில் எழுதி வைப்பார்கள். மற்றவை அதைப் பார்த்து நடக்கும். எப்போது பார்க்கும் என்பதுதான் கேள்வி.

1996இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் என்.டி. 4.0இல், பணியாளர் தம் பெயரைக் கொடுத்து உள்ளே நுழையும் வேளையில்தான் கணினி விதிகளைப் படித்தது. அவர் வெளியேறாமல் ஒரு வாரம் வேலை செய்தால், அந்த ஒரு வாரமும் பழைய விதிதான். இன்னொரு குறையும் இருந்தது. விதியை நீக்கினாலும், கணினியில் அது பதித்த அமைப்பு பச்சை குத்தியதுபோல் அப்படியே நிற்கும்.

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தது. அதில், கணினி தொடங்கும்போதும் பணியாளர் நுழையும்போதும் விதிகளைப் படிப்பதோடு, 90 நிமிடத்துக்கு ஒருமுறை கணினி தானாகவே தலைமைக் கணினியிடம் போய்க் கேட்கும் முறை ஏற்பட்டது. இந்த 90உடன் 0 முதல் 30 வரை ஏதாவது ஓர் எண்ணிக்கை நிமிடமும் சேரும். ஏன் தெரியுமா? காலை 8 மணிக்கு 300 கணினிகளை ஒன்றாகத் திறந்தால், 300உம் சரியாக 9.30க்கு வந்து மொய்க்கும். கூடுதல் நிமிடம் ஆளுக்கு ஆள் மாறுவதால், 9.30 முதல் 10 மணிக்குள் பிரிந்து பிரிந்து வரும்; நெரிசல் இல்லை. தலைமைக் கணினிகளோ தமக்குள்ள விதிகளை 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்.

விதி மாறவில்லையென்றால் கணினி வீணாக மறுபடி வேலை செய்யாது. ஆனால் பாதுகாப்பு அமைப்புகளை மட்டும், மாற்றம் இல்லாவிட்டாலும், 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பதிக்கும். யாராவது கைவைத்திருந்தால் அதனால் சரியாகிவிடும்.

காத்திருக்க முடியாத அவசரத்துக்கும் வழி உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில், அந்தக் கணினியிலேயே ஒரு கட்டளை கொடுத்து விதிகளை உடனே புதுப்பிக்கலாம். 2012இல் வந்த விண்டோஸ் சர்வர் 2012இல், நிர்வாகி தம் இடத்திலிருந்தே பல கணினிகளைப் புதுப்பிக்கச் சொல்லலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இத்தகைய அலுவலகங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். காலை 10 மணிக்கு மாறிய விதி அவர்களுடைய கணினிக்கு நண்பகல் 12 மணிக்கும் வந்து சேரலாம். அதற்குள் கணினி பழைய விதிப்படி நடந்தால், ‘நீ மீறினாய்’ என்று பிள்ளையைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. உத்தரவு பிறந்த நேரம் வேறு, அது கைக்கு எட்டிய நேரம் வேறு. நிரையில் நின்று வேலை பார்த்த நமக்கு இது புதிய பாடமல்ல.