நீரா

தென்னையின் விரியாத பாளையைச் சீவி இறக்கப்படும் புளிக்காத மதுரபானம் நீரா எனப்படும். தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்புகின்ற கொடுமுடிப் பிரதேசத்தில், காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடை வரையில் தென்னந்தோப்புகள் உண்டெனினும், சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் போகும் தேங்காயும் கொப்பரையுமே இங்கு உழவர்க்குப் பிரதான வருவாய். நீரா பின்னால் வந்த சரக்கு.

பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவர, சில தினங்களில் சாறு சொட்டத் தொடங்கும். மரமேறி காலையும் மாலையும் ஏறிச் சீவாவிட்டால் வாய் அடைபட்டுப்போகும். அப்போதே இறக்கிய சாறு அரிசி களைந்த நீரின் மங்கல் வெண்மையுடையது. இளம்பாளையின் பச்சை வாசனை அதில் இலேசாக எழும். ஏறக்குறைய 15 சதவீதம் சர்க்கரை கலந்திருப்பதால் நாவில் சற்றுக் கனத்தே இறங்கும். இக்கனமே அதன் சிறப்பு. தண்ணீர் சேர்த்தால் முதலில் போவதும் அதுவே.

ஆயினும் இக்குணங்கள் யாவும் சில நாழிகைக்கே உரியவை. கலயத்திலும் காற்றிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சாராயச்சத்தாக மாற்ற, நுரை பொங்கி, நிறம் வெளுத்து, நாவில் சுருக்கென்னும் கள் பிறக்கிறது. மேலும் வைத்தால் காடியாகும். இதைத் தடுக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவது பனையேறிகளின் பழைய உபாயம். பதநீர் அவ்விதமே கிடைக்கிறது. தென்னை நீராவுக்கு இப்போது ஐஸ் பெட்டி வந்துவிட்டது. சுண்ணாம்பின் காரம் கலவாத சுத்தமான ருசி வேண்டுவோர்க்கு இதுவே மேலானது.

1937இல் ராஜாஜி ஆட்சி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. பிற்காலத்தில் அது தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்ட போதிலும், 1987 முதல் தமிழகத்தில் கள் மீண்டும் விலக்கப்பட்டது. 2017இல் நீரா இறக்க மாத்திரம் அனுமதி கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கடையில் விற்கும் கள் இப்பால் குற்றமாயிருக்க, காலையில் அனுமதிக்கப்பட்ட சாறு வெயில் ஏறுமுன் தானே குற்றப்பொருளாகிவிடுவது சட்டம் வகுத்தோர்க்கும் சங்கடமே.

வாங்குவோர் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரப்படும் நீராவையே கொள்க. நுரையும் புளிப்பு வாடையும் இருப்பின் தள்ளுக. நீரிழிவு உள்ளவர்க்கும் உகந்ததென விற்போர் கூறுவதுண்டு. மேற்சொன்ன சர்க்கரை அளவை நோக்க, அதனை ஏற்பதற்கில்லை.