அடால்ஃப் டைஸ்மன்

அடால்ஃப் டைஸ்மன் (நவம்பர் 7, 1866 – ஏப்ரல் 5, 1937) ஜெர்மனியைச் சேர்ந்த கிறித்தவ இறையியலாளரும் புதிய ஏற்பாட்டு ஆய்வாளரும் ஆவார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் அக்கால மக்களின் அன்றாட வழக்கே என்பதைப் பாப்பிரஸ் ஏடுகளின் துணையுடன் விளக்கியதற்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

லாங்கன்ஷைட் என்னும் ஊரில் பிறந்தார். 1897 முதல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்திலும் 1908 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றினார். எபேசு நகர அகழாய்வு 1926இல் மீண்டும் தொடங்க உதவினார்.

மொழி ஆய்வு

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் செவ்வியல் நூல்களின் நடையிலிருந்து வேறுபடுகிறது. ஆகவே அதைச் சமயத்துக்கே உரிய தனிமொழி எனப் பலர் கருதினர். ஆனால், எகிப்தின் வறண்ட மணலில் கிடைத்த கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றிலும் அச்சொற்களில் பல வழங்குவதை டைஸ்மன் தம் "விவிலிய ஆய்வுகள்" (1895) நூலில் எடுத்துக்காட்டினார். எபிரேய, அரமேய மொழிகளின் தாக்கத்தை இவர் குறைத்து மதிப்பிட்டார் என்ற விமர்சனமும் உண்டு.

சமூக வரலாறு

"கிழக்கிலிருந்து ஒளி" (1908) இவரது புகழ்பெற்ற நூலாகும். உரோமைக் கடற்படையில் சேர்ந்த அப்பியோன் என்னும் எகிப்திய இளைஞன், கடலில் தன்னைக் காத்த செராப்பிஸ் கடவுளுக்கு நன்றி கூறித் தந்தைக்கு எழுதிய 2ஆம் நூற்றாண்டுக் கடிதம் அதில் இடம்பெற்றுள்ளது. பவுலின் மடல்களும் இலக்கியப் படைப்புகள் அல்ல, இத்தகைய உண்மைக் கடிதங்களே என்பது இவர் கருத்து.

மறுமதிப்பீடு

தொடக்ககாலக் கிறித்தவர் பெரும்பாலும் அடித்தட்டு மக்கள் என்ற இவரது முடிவை எட்வின் ஜட்ஜ் (1960), வெய்ன் மீக்ஸ் (1983) ஆகியோர் மறு ஆய்வு செய்தனர். அச்சபைகளில் வீட்டு உரிமையாளர், கைவினைஞர், அடிமைகள் எனப் பல நிலையினரும் கலந்திருந்தனர் என அவர்கள் வாதிட்டனர். எனினும், எளிய மக்களின் ஆவணங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் இவரது முறை இத்துறையில் நிலைபெற்றது.