மண்டையைக் காத்த ஹெல்மெட், கழுத்தை முறித்த கதை

போன வாரம் டெக்சஸ்ல இருக்கிற என் காலேஜ் நண்பன் ராத்திரி போன் பண்ணினான். "பையன் ஒன்பதாவது வந்துட்டான்டா. ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல சேர்ந்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவங்கம்மா கூடவே கூடாதுங்கறா. நீ சொல்லு, மண்டையில அடிபடுமா?"

மண்டை இருக்கட்டும், முதல்ல கழுத்தைப் பத்திப் பேசுவோம்னு ஆரம்பிச்சேன். ஒரு மணி நேரம் ஓடிடுச்சு. அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதறேன். நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

ஃபுட்பால்னா நாம கால்ல உதைக்கிற பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கிட்டு ஓடுவாங்க, எதிரணி பாய்ந்து விழுந்து அமுக்கும். அந்த அமுக்கலுக்குப் பேர் டேக்கிள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளில் மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் பிள்ளைகள் ஆடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்ன ஊர்களில் பாதி ஜனம் மைதானத்தில்தான் இருக்கும். நம்ம ஊர்த் திருவிழா மாதிரின்னு வெச்சுக்கோங்க.

இந்த ஆட்டத்தில் சாவு புதுசு இல்லை. 1905-ஆம் ஆண்டு சீசனில் மட்டும் குறைந்தது 18 பேர் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டு, ஆட்டத்தைச் சரிபண்ணுங்கன்னு சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த வருஷமே விதிகள் மாறின. பந்தை முன்னால் எறியலாம் என்பது வந்தது அப்போதுதான். அன்றைக்குத் தலையில் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் தோல் தொப்பிதான்.

1939-இல் ரிடெல் நிறுவனம் பிளாஸ்டிக் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தது. 1950-களில் அதற்கு முன்னால் முகக்கம்பி சேர்ந்தது. இந்த முகக்கம்பியைக் கொஞ்சம் கவனிங்க, கதையோட வில்லன் கிட்டத்தட்ட இதுதான். அதுவரைக்கும் எவனும் முகத்தைக் கொண்டுபோய் அடுத்தவன் மேல மோத மாட்டான், மூக்கு போயிடும், பல்லு போயிடும். அந்தப் பயம்தான் இயற்கையான பிரேக். மூஞ்சிக்கு முன்னால் கம்பி வந்ததும் பிரேக் கழன்றது. கோச்சுகளும் அதற்கேற்ப மாறினார்கள். தோளால் மோதச் சொல்லிக்கொடுத்தவர்கள், எதிராளி மார்பில் இருக்கிற நம்பரைப் பார்த்து முகத்தைக் கொண்டுபோய் இறக்கு என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். தலை ஆயுதமாயிற்று. ஈட்டி மாதிரிப் பாய்வதால் இதற்கு 'ஸ்பியரிங்' என்றே பெயர் வந்தது.

1968-இல் ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு 36 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் மூளையில் ரத்தக்கசிவு. நாடு அதிர்ந்தது. ஹெல்மெட் தரத்தை நிர்ணயிக்க 1969-இல் நாக்ஸே என்ற அமைப்பு உருவானது. 1973-இல் முதல் தரநிலை வந்தது. ஹெல்மெட்டுகள் உண்மையிலேயே நல்லா ஆச்சு, அதில் சந்தேகமே இல்லை. மூளைச்சாவுகள் குறைந்தன. எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பிலடெல்பியாவில் ஒரு எலும்பு டாக்டருக்கு உறுத்தியது. பெயர் ஜோசஃப் டார்க். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவம் பார்த்தவர். கழுத்து முறிந்த பையன்கள் முன்னைவிட அதிகமாக வருகிற மாதிரி இருந்தது. 'இருக்கிற மாதிரி' என்பது எங்க தொழிலில் ஆபத்தான வார்த்தை. போன மாசம் பார்த்த ரெண்டு கேஸ் மனசுல பதிஞ்சுட்டா ஊர் முழுக்க அதுதான்னு தோணும். டார்க் அப்படி விடவில்லை. எண்ணினார். 1975-இல் தேசிய ஃபுட்பால் தலை, கழுத்துக் காயப் பதிவேடு என்று ஒன்றைத் தொடங்கினார். பத்திரிகைச் செய்திகளைத் தேடி, பள்ளிகளுக்கும் டாக்டர்களுக்கும் எழுதி, நாடு முழுக்க இருந்து கேஸ்களைத் திரட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய கணக்கு கையில் இருந்தது. மிச்சிகனைச் சேர்ந்த நரம்பியல் அறுவை நிபுணர் ரிச்சர்ட் ஷ்னைடர் 1959 முதல் 1963 வரைக்குமான காயங்களைத் தொகுத்திருந்தார். அந்த ஐந்தாண்டில் கழுத்தெலும்பு முறிவு அல்லது நழுவல் 56. கைகால் நாலும் செயலிழந்தவர்கள் 30. டார்க் எண்ணிய 1971 முதல் 1975 வரையான ஐந்தாண்டில் முறிவும் நழுவலும் 259. நாலும் போனவர்கள் 99.

ஆடுபவர்கள் எண்ணிக்கை கூடியிருக்கும் இல்லையான்னு நீங்க கேட்பீங்க. சரியான கேள்வி. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தால்கூட கழுத்து முறிவு விகிதம் மூன்று மடங்கு, செயலிழப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதே காலத்தில் மண்டைக்குள் ரத்தக்கசிவு 66 சதவீதமும், மூளைக்காயச் சாவு 42 சதவீதமும் குறைந்திருந்தன. மூளை பிழைத்தது. கழுத்து மாட்டியது.

ஏன்? அன்றைக்கு ஒரு விளக்கம் பிரபலமாக இருந்தது. தலை பின்னால் மடங்கும்போது ஹெல்மெட்டின் பின் விளிம்பு கில்லட்டின் கத்தி மாதிரிப் பிடரியில் இறங்கி எலும்பை உடைக்கிறது என்றார்கள். கேட்க நல்லா இருக்கு இல்லையா? இதை நம்பினால் வைத்தியமும் சுலபம், விளிம்பை வெட்டினால் போதும். டார்க் குழு ஆட்டங்களின் ஃபிலிம் சுருள்களை வாங்கி, அடிபட்ட அந்த நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. பின்னால் மடங்கிய தலைகள் அல்ல அவை. கொஞ்சம் முன்னால் குனிந்த தலைகள். உச்சந்தலையால் நேராகப் போய் முட்டியவை. அதிலும் பெரும்பாலானவர்கள் அடி வாங்கியவர்கள் இல்லை, டேக்கிள் செய்யப் பாய்ந்தவர்கள்.

இப்ப உங்க கழுத்தையே எடுத்துக்கோங்க. நிமிர்ந்து உட்காரும்போது பிடரி எலும்புகள் ஏழும் லேசா வில்லு மாதிரி முன்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவும் சுற்றியிருக்கிற தசையும் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கும். மெதுவா தாடையை நெஞ்சுப் பக்கம் 30 டிகிரி அளவு குனிங்க. வளைவு போய்விடும். ஏழு எலும்பும் அடுக்கி வைத்த தீப்பெட்டி மாதிரி ஒரே நேர்கோட்டில் நிற்கும். இந்த நிலையில் உச்சந்தலை ஒரு ஆள் மேல் மோதி சட்டென்று நிற்கிறது. ஆனால் பின்னால் 70 கிலோ உடம்பு நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டிய கழுத்துக்குப் போக இடமில்லை. நசுங்கி, மடங்கி, பக்கவாட்டில் பிதுங்கும். உள்ளே சுண்டுவிரல் தடிமனில் தண்டுவடம். கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை.

நம்ம ஊர் டாக்டர்களுக்கு இது நல்லாப் பரிச்சயமான படம். கோடை லீவில் தண்ணி குறைஞ்ச கிணத்துல தலைகீழாப் பாய்ந்து வருகிற பையன்களின் எக்ஸ்ரேயும் இதேதான். கிணற்றுத் தரைக்குப் பதில் அங்கே எதிராளியின் இடுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாவது கழுத்தெலும்பு மட்டத்தில் தண்டுவடம் போனால் என்ன ஆகும்னு சொல்றேன். தோளைத் தூக்கலாம், முழங்கையை மடக்கலாம். நீட்ட முடியாது. விரல் அசையாது. மூத்திரம், மலம் எதுவும் தன் வசத்தில் இல்லை. மூன்றாவது எலும்பு மட்டம்னா மூச்சே மெஷின்தான். நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்ப தண்டுவட வார்டில் ரெண்டு மணிக்கொரு தடவை நோயாளியைப் புரட்டிப் போடணும், இல்லாட்டி படுக்கைப் புண் வந்துடும். ராத்திரி ரெண்டு மணிக்குப் புரட்டும்போது தூங்காம விட்டத்தையே பார்த்துக்கிட்டிருந்த ஒரு பதினேழு வயசுப் பையன், "சார், அரிக்குது, மூக்கைச் சொறிஞ்சு விடறீங்களா"ன்னு கேட்டான். எனக்கு இன்னும் மறக்கலை.

சரி, வரலாற்றுக்கு வர்றேன். டார்க் சொன்னது இதுதான்: கோளாறு ஹெல்மெட்டில் இல்லை, ஹெல்மெட்டை நம்பி தலையை முன்னால் விடுகிற உத்தியில் இருக்கிறது. 1976 சீசனுக்குப் பள்ளி, கல்லூரி இரண்டிலும் விதி மாறியது. பிளாக் செய்யும்போதோ டேக்கிள் செய்யும்போதோ வேண்டுமென்றே ஹெல்மெட்டால் முதலில் மோதக் கூடாது.

புது உபகரணம் ஏதும் வரவில்லை, செலவும் கிடையாது. விதிப்புத்தகத்தில் சில வரிகள். 1976-இல் கைகால் நாலும் நிரந்தரமாகச் செயலிழந்தவர்கள் 34. மறு வருஷம் 18. 1984-இல் 5.

மருத்துவத்தில் ஒரே வருஷத்தில் பாதியாகக் குறைகிற வியாதியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதுவும் மருந்தே இல்லாமல்! 1990-இல் இன்னொன்றும் நடந்தது. 1931-இலிருந்து வருஷா வருஷம் சாவுகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதில் முதன்முறையாக, ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு ஒருவர்கூட இறக்காத ஆண்டு அது.

இங்கேயே முடித்தால் நல்ல கதை. ஆனா உண்மை கொஞ்சம் கோணலானது. இந்தத் தவறுக்கு ரெஃப்ரிகள் விசில் ஊதியது அபூர்வம். 'வேண்டுமென்றே' என்ற ஒரு சொல் விதியில் இருந்ததால், அவன் வேணும்னே பண்ணினானான்னு எப்படித் தெரியும்னு விட்டுடுவாங்க. கல்லூரி விதியிலிருந்து அந்தச் சொல்லை நீக்க 2005 ஆனது. நியூஜெர்சியில் ஒரு பள்ளியின் 1975, 1990 சீசன் ஃபிலிம்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், தலையை முன்னால் விடுகிற பழக்கம் மொத்தத்தில் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. பந்தோடு ஓடுகிறவர்களும் தலையைக் குனிந்து முட்டுகிறார்கள், அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அப்போ எண்ணிக்கை ஏன் குறைந்தது? என் கணிப்பு, டேக்கிள் சொல்லிக்கொடுக்கும் விதத்தைக் கோச்சுகள் மாற்றியதுதான் பெரும் காரணம். தலையை நிமிர்த்து, எதை அடிக்கிறாயோ அதைக் கண்ணால் பார். தலை நிமிர்ந்தால் கழுத்தின் வளைவு திரும்ப வந்துவிடும். கோர்ட் வழக்குகளும் ஒரு காரணம். கழுத்து முறிந்தவர்கள் ஹெல்மெட் கம்பெனிகள் மேல் வழக்குப் போட, பல கம்பெனிகள் அந்தத் தொழிலையே விட்டுவிட்டன. இன்றைக்கு ஹெல்மெட்டிலேயே, இதைக்கொண்டு எதிராளியை மோதாதே என்று எச்சரிக்கை ஒட்டித்தான் வருகிறது.

பிறகு வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் 1976-க்குத் திரும்பவில்லை. பூஜ்யமும் ஆகவில்லை. ஒவ்வொரு சீசனும் சில வீடுகளில் சக்கர நாற்காலி வருகிறது.

நண்பன் கேட்ட இன்னொரு கேள்வி: கீழே விழுந்து அசையாமக் கிடந்தா ஹெல்மெட்டைக் கழட்டணும்தானே? அவசரப்பட்டுக் கழட்டவே கூடாது. தோளில் தடிமனான பட்டை இருக்கிறதால உடம்பு தரையிலிருந்து உயர்ந்திருக்கும். ஹெல்மெட்டை மட்டும் உருவினா தலை பின்னால் தொங்கி, முறிஞ்ச கழுத்து இன்னும் விலகும். மூச்சுக்கு வழி வேணும்னா முகக்கம்பியை மட்டும் கழற்றுவார்கள். எடுத்தால் ஹெல்மெட், தோள்பட்டை ரெண்டையும் சேர்த்து, பழகிய கைகள்தான் எடுக்கணும். (நம்ம பைக் ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அங்கே தோள்பட்டை இல்லை. அது தனி இழை.)

சேர்க்கலாமா வேண்டாமான்னு நான் அவனுக்குச் சொல்லலை. கோச்சைப் போய்ப் பார், மூணு கேள்வி கேளுன்னேன். டேக்கிள் எப்படிச் சொல்லிக்கொடுக்கறீங்க? பயிற்சி பெற்ற அத்லெட்டிக் டிரெய்னர் மைதானத்தில் எல்லா நாளும் இருப்பாரா, ஆட்டத்தன்னிக்கு மட்டுமா? பையன் தலையைக் குனிஞ்சா என்ன செய்வீங்க?

நேத்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பையன் ஒரு பெரிய பஞ்சு உருளை மேல பாயறான். கோச் விசில் ஊதி நிறுத்தி, பையன் தாடையைப் பிடிச்சு நிமிர்த்திவிட்டு, மறுபடி ஓடச் சொல்றார். நாலு தடவை. "எப்படி ஆடறான்?"னு நண்பன் கேட்டிருந்தான். நான் ஆட்டத்தைப் பார்க்கலை, நாலு தடவையும் தலையை மட்டும்தான் பார்த்தேன். மூணாவது தடவையும் குனிஞ்சான். நாலாவதுல நிமிர்ந்திருந்தது.