கோடிங் இன்டர்வியூ: பலகை மாறிய கதை

மதுரையில பலகைன்னா சங்கப் பலகைதான். தகுதியான புலவருக்கு மட்டும் இடம் கொடுக்குமாம், புராணம் சொல்லுது.

2008-ல எனக்குக் கிடைச்சது ஒயிட்போர்டும் பாதி காய்ஞ்ச மார்க்கரும். மாட்டுத்தாவணியில ராத்திரி பஸ் ஏறி சென்னை போய், லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பி எழுதணும். ஓட்டிப் பார்க்க வழியில்லை. எதிர்ல இருக்கிறவர் கண்ணுதான் கம்பைலர்.

இதை மாத்தினதுல திருச்சிக்கும் பங்கு உண்டு. அங்கே என்ஐடியில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் 2009-ல் இன்டர்வியூஸ்ட்ரீட் தொடங்கினார்கள். முதலில் மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல், அது எடுபடவில்லை. பிறகு, எழுதிய கோடை டெஸ்ட் கேஸ்களில் ஓட்டி மெஷினே மதிப்பெண் போடும் முறைக்கு மாறினார்கள். 2012-ல் ஹேக்கர்ரேங்க் வந்தது.

பஸ் செலவு மிச்சம்தான். ஆனா லேப்டாப், வெப்கேம், நெட், இன்வெர்ட்டர் எல்லாம் இப்ப நம்ம பொறுப்பு. போர்டு முன்னாடி திணறினா, "யோசிச்ச வரைக்கும் சொல்லுங்க தம்பி"ன்னு ஒரு மனுஷர் கேட்பார். டெஸ்ட் கேஸ் கேட்காது.

போன வருஷம் திருமங்கலத்துல என் தம்பி டெஸ்ட் எழுதுறப்ப கரண்ட் போச்சு. போன் ஹாட்ஸ்பாட் போட்டு உள்ளே வர்றதுக்குள்ள மிச்சம் 11 நிமிஷம். எழுதி முடிச்சுட்டான். மெயில் இன்னும் வரலை.